ஒரு கிலோ டங்ஸ்டன் கட்டை: ஆர்வி-7 சுக்கானில் பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்புரை

உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் கட்டைக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்தேன் என்றால் தகட்டு வேலை அறியாதவர்கள் சிரிப்பார்கள். அறிந்தவர்கள் என்ன அளவு என்று கேட்பார்கள். 25 மில்லிமீட்டர் தடிப்பும் 38 மில்லிமீட்டர் அகலமும் 64 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை கொண்ட டங்ஸ்டன் பக்கிங் பார் அது; ரிவெட் எனும் இணைப்பாணியை அடிக்கும்போது மறுபக்கம் அணைத்துப் பிடிக்கும் கட்டை. அமெரிக்காவில், எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், நானும் என் மனைவியும் கட்டிவரும் ஆர்வி-7 விமானத்தின் சுக்கான் (வாலில் நின்று விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பரப்பு) முடியும்வரை அதைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். விற்ற கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இத்தகைய கட்டைகள் பெரும்பாலும் ஒரே வகைக் கலவையில்தான் வருகின்றன: தொண்ணூறு விழுக்காடோ அதற்கு மேலோ டங்ஸ்டன், மிச்சத்துக்கு நிக்கலுடன் இரும்போ செம்போ. ஆகவே கடையைவிடக் கட்டையின் அளவும் அதன் முகங்களை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்பதும்தான் வாங்குபவர் பார்க்க வேண்டியவை.

ஆர்வி வகை விமானங்களை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஓரிகன் மாநிலத்தின் அரோரா என்ற ஊரில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம், ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் வடிவமைத்த விமானங்களை உதிரிப் பகுதிகளாக விற்கிறது. அவற்றை வாங்கியவர்கள் வீட்டிலேயே கட்டிப் பறக்கவிட்ட விமானங்களின் எண்ணிக்கை 2017-இல் பத்தாயிரத்தை எட்டியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 21.191(ஜி) பிரிவின்படி, கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பெரும்பகுதியைக் கட்டுபவரே தம் கையால் செய்திருந்தால்தான் அது தன்முயற்சியில் கட்டிய விமானமாகப் பதிவாகும். எனவே ரிவெட் அடிப்பதைக் கூலிக்கு விட்டுவிட்டு ஓய்வாக உட்கார முடியாது. பெரும்பாலோர் வால் பகுதியிலிருந்து தொடங்குவார்கள். சுக்கான் அதில் சிறிய பாகம். சிறியது என்பதால் எளிது என்று நானும் முதலில் எண்ணினேன்.

பாடநூல்கள் ரிவெட்டைத் தறையாணி என்கின்றன. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் ரிவெட் என்றே எழுதுகிறேன். சுக்கானின் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட்டின் பெயர் ஏஎன்426ஏடி3-3.5 என்பது போல நீளமாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. 426 என்றால் தகட்டின் மட்டத்தோடு பதியும் 100 பாகைச் சரிவுத் தலை. ஏடி என்றால் 2117 அலுமினியக் கலவை, தலையின் நடுவில் உள்ள சிறு குழி அதற்கு அடையாளம். 3 என்றால் விட்டம் ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கு, அதாவது 2.4 மில்லிமீட்டர், 3.5 என்பது பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் நீளம். ஒரு பக்கம் தொழிற்சாலையில் செய்த தலை. மறுபக்கம் வெறும் தண்டு. காற்றழுத்தத்தால் இயங்கும் ரிவெட் கன் தலைப்பக்கம் தட்டத் தட்ட, தண்டின் நுனியில் யாராவது ஒரு கனத்த கட்டையை அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கட்டையின் நிலைமத்தில் மோதித்தான் தண்டு நசுங்கி இரண்டாவது தலையாகிறது. கொல்லுப் பட்டறையில் அடைகல் தரையில் கிடக்கும், சுத்தியல் கையில் இருக்கும். இங்கே அடைகல்லும் கையில்தான், அதுவும் பெரும்பாலும் பார்வைக்கு எட்டாத இடத்தில்.

நசுங்கிய தலை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் பெற்றிருப்பது இலக்கு. நம் ரிவெட்டுக்கு அது 3.6 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் உயரம். இந்த அளவைக் கொண்டுவருவது தட்டல்களின் எண்ணிக்கை மட்டுமன்று. 2117 கலவை தட்டத் தட்ட இறுகும் இயல்புடையது. இலேசான கட்டையை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் தட்டிக்கொண்டே இருந்தால், ரிவெட் நசுங்குவதற்கு முன்பே கடினப்பட்டு ஓரங்களில் வெடிப்பு விடக்கூடும். ஆகவே சில உறுதியான அடிகளில் வேலை முடிய வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் பழைய பயிற்சிக் கையேடு, இந்த விட்டத்துக்கு இரண்டிலிருந்து மூன்று பவுண்டு எடையுள்ள கட்டையையும், எட்டில் ஒரு பங்கு அங்குல ரிவெட்டுக்கு மூன்றிலிருந்து நான்கு பவுண்டு எடையுள்ளதையும் பரிந்துரைக்கிறது. இறக்கையிலோ உடற்பகுதியிலோ அந்த எடையை எஃகில் தாராளமாகப் பிடிக்கலாம். இடமில்லாத சுக்கானில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு பவுண்டு எஃகைக் கனசதுரமாக வார்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 49 மில்லிமீட்டர் வரும். அதே எடையை டங்ஸ்டன் கலவையில் செய்தால் பக்கம் 38 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், ஏனெனில் எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், இந்தக் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 17 கிராம். காகிதத்தில் 11 மில்லிமீட்டர் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சுக்கானின் விலாக்கள், அதாவது உள்ளிருந்து அதன் வடிவத்தைத் தாங்கும் சட்டங்கள், பின்விளிம்பை நோக்கிக் குறுகிக்கொண்டே போகின்றன; அவற்றின் இரு பிளாஞ்சுகளுக்கும் (மடித்த ஓரங்களுக்கும்) இடையே எஃகுக் கட்டை நின்றுவிடும் இடத்தைத் தாண்டி, இந்தக் கட்டை இன்னும் சில ரிவெட்டுகள் வரைக்கும் உள்ளே போகிறது. மெல்லிய எஃகுப் பட்டையை அங்கே நுழைக்கலாமே என்றால் நுழைக்கலாம்தான், ஆனால் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுக்கு இதில் பாதி எடைகூட இருக்காது. கன் தட்டும்போது பட்டையும் கூடவே துள்ளும், ரிவெட் நசுங்குவதற்குப் பதிலாகத் தகடு உள்வாங்கும்.

தகடு உள்வாங்குவது வெறும் அழகுக் குறை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சுக்கானின் தகடு 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர்தான். இந்த ரிவெட்டின் சரிவுத் தலையைப் பதிக்கக் குடைந்தெடுக்க வேண்டுமானால் குறைந்தது 0.032 அங்குலத் தடிப்பு தேவைப்படும். எனவே ஒவ்வொரு துளையையும் டிம்பிள் அச்சால் குழிவாக அழுத்தி, ஒரு குழிவு இன்னொன்றுக்குள் உட்காரும்படி செய்கிறோம். இத்தனை மெல்லிய தகட்டில் கன் ஒருமுறை வழுக்கினாலும் பிறை வடிவில் ஒரு காயம் விழும். கட்டுபவர்கள் அதைச் சிரிப்பு என்றே அழைக்கிறார்கள், பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராவிட்டாலும். அந்தக் காயங்களை நிரப்புப் பசையால் மூடி வண்ணம் பூசிவிடலாம் என்ற எண்ணமும் இங்கே ஆபத்தானது. கீலுக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு கிராமும் சுக்கானின் எடைச் சமநிலையைக் கெடுக்கிறது. அந்தச் சமநிலைக்காகத்தான் சுக்கானின் மேல்முனையில், கீலுக்கு முன்னால், ஈயக்கட்டி வைக்கிறார்கள். சமநிலை தவறினால் வேகத்தில் படபடப்பு எழும், படபடப்பு எழுந்த கட்டுப்பாட்டுப் பரப்பு சில நொடிகளில் பிய்ந்துபோகவும் கூடும்.

இனி அனுபவத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்த மதிப்புரையை என் மனைவிதான் எழுதியிருக்க வேண்டும், ஏனெனில் கன் என் கையில் இருந்தது, கட்டை அவர் கையில் இருந்தது. கன் பிடிப்பவருக்குத் தலை கண்ணில் படுகிறது. கட்டை பிடிப்பவர் விரல் நுனியால் மட்டுமே தண்டைத் தேடி, கட்டையின் முகம் தண்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை உணர்ந்து, "சரி" என்று சொன்ன பிறகே நான் அழுத்த வேண்டும். முதல் வாரம் எஃகுக் கட்டையால் அடித்தோம். மாலையில் அவருடைய மணிக்கட்டு வலித்தது. அடித்தவற்றில் சில சாய்ந்தும் கிடந்தன. டங்ஸ்டனுக்கு மாறியதும் அவர் முதலில் சொன்னது சத்தத்தைப் பற்றித்தான்: எஃகில் எழுந்த கடகடப்பு போய், தட்டல் ஒரே சீராக, அடக்கமாகக் கேட்டது. கட்டை துள்ளாததால் அதிர்வு கைக்கு ஏறுவதும் குறைந்தது. அதே ரிவெட்டுக்கு விசையை அழுத்திப் பிடிக்கும் நேரம், என் கணக்கில், பாதிக்கும் கீழே இறங்கியது. முன்பு 40 பிஎஸ்ஐ-யில் (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) வைத்திருந்த காற்றழுத்தத்தைப் படிப்படியாக 35-க்குக் குறைத்துக்கொண்டோம். குறைக்காமல் பழைய அழுத்தத்திலேயே அடித்த முதல் நான்கு ரிவெட்டுகள் அளவுக்கு மீறி நசுங்கி அப்பளமாகிவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பளமானவற்றை அகற்றியது தனிக் கதை. தலையின் நடுவில் உள்ள அந்தச் சிறு குழியில் டிரில் முனையை நிறுத்தி, தலையின் ஆழம்வரை மட்டும் துளைத்து, பின் பஞ்ச் என்ற ஊசிபோன்ற எஃகுக் கம்பியால் தலையை நெம்பி எடுத்து, பிறகு தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். மூன்று ஒழுங்காக வந்தன. நான்காவதில் டிரில் ஓடித் துளை பெரிதாகிவிட்டது. அதற்கு மாற்றாக என்ஏஎஸ்1097 என்ற ரிவெட் இருக்கிறது: தண்டு ஓர் அளவு பெரியது, தலை மட்டும் சிறிய ரிவெட்டின் குழிவிலேயே உட்காரும். தவறுக்கென்றே பிறந்த ரிவெட் என்று அதை நான் அழைப்பேன். ஒரு சிறு பொட்டலம் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது மானத்தைக் காக்கும்.

கட்டையைப் புகழ்ந்துகொண்டே போனால் நேர்மையாகாது, ஏனென்றால் சுக்கானில் உள்ள ரிவெட்டுகளில் பெரும்பான்மைக்கு இது தேவையே இல்லை. தகட்டின் உட்பக்கம் ஒட்டும் விறைப்புப் பட்டைகளை மேசைமேல் எஃகுத் தகட்டை வைத்து, ரிவெட் தலைகள் விழாமல் ஒட்டுநாடா போட்டு, உட்பக்கத்திலிருந்தே அடித்துவிடலாம். பக்கிங் பார் பிடிக்க ஆளும் வேண்டாம், முடிவும் கண்ணாடிபோல் இருக்கும். ஸ்பார் என்ற முதன்மைச் சட்டத்தோடு தகட்டைச் சேர்க்கும் வரிசையை ஸ்குவீசரால் கவ்வி நசுக்குவதே சிறந்தது. கவ்வும் கருவிக்கு நிலைமமும் வேண்டாம், குறி தவறுவதும் அரிது. பின்விளிம்பில் இரு தகடுகளுக்கும் நடுவே அலுமினிய ஆப்புப்பட்டை வருகிறது. அதை ஒட்டுப்பசையாலோ இருபுற ஒட்டுநாடாவாலோ பிடிக்கச் செய்து, நேரான எஃகுக் கோணத்தில் கிளிகோ என்ற தற்காலிகப் பிடிப்பு பின்களால் இறுக்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாண்டித் தாண்டி எஃகுத் தகட்டின்மேல் அடிக்க வேண்டும். வரிசையாக ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டே போனால் விளிம்பு வாழைப்பழம்போல் வளைந்துவிடும், அதை எந்த டங்ஸ்டனும் நிமிர்த்தாது. மிச்சமிருப்பவை ஸ்குவீசரின் வாய் நுழையாத விலா முனைகளும் மேலே ஈய எதிர்எடை உட்காரும் நெருக்கமான பகுதியும் மட்டுமே. எங்கள் சுக்கானில் இந்தக் கட்டையால் அடித்தவை சில டஜன் ரிவெட்டுகள்தான். விலாக்களின் கடைசி நுனியில் இதுவும் நுழையவில்லை. அங்கே ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் ரிவெட்டுகளைப் போட்டோம். ஆனால் தவறு நடக்கும் இடங்கள் என்று ஒரு படம் வரைந்தால், அந்தச் சில டஜன் இடங்களையும்தான் வட்டமிட வேண்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. வந்தபோது விளிம்புகள் கத்திபோல் இருந்தன. மெல்லிய தகட்டுக்குள் நுழைக்கும் கருவிக்கு அது பொருந்தாது. நுண்ணிய அரத்தாலும் பிறகு உப்புத்தாளாலும் எல்லா மூலைகளையும் உருட்டிவிட்டு, வேலை செய்யும் இரு முகங்களைத் தவிர மற்றவற்றுக்குத் துணிநாடா சுற்றினோம். டங்ஸ்டன் கலவையை அரத்தால் தேய்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு மூலைக்கே ஒரு காபி ஆறிப்போகிறது. தீட்டிய முகத்தில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் அடுத்து வரும் ஒவ்வொரு ரிவெட்டின் தலையிலும் பதியும் என்பதால், கட்டையைக் கருவிப்பெட்டியில் மற்றச் சாமான்களோடு போட்டுவைக்கக் கூடாது. கடினமானது என்பதற்காக உடையாதது என்று எண்ணிவிடவும் கூடாது. ஒருமுறை கான்கிரீட் தரையில் விழுந்ததில் எங்கள் கட்டையின் ஒரு முனை சில்லு பெயர்ந்தது. அது தரையில் விழுந்ததே நல்லதாயிற்று. சிறிய உருவத்தில் ஒரு கிலோ எடை ஒரு புள்ளியில் இறங்கினால் 0.4 மில்லிமீட்டர் தகடு தாங்காது.

வடிவத்திலும் எஃகுக்குத்தான் முந்துநிலை. எஃகுக் கட்டைகள் கால் நீட்டியும் கொக்கி வளைத்தும் பள்ளம் வெட்டியும் பல வடிவங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. டங்ஸ்டன் பெரும்பாலும் செங்கல் வடிவத்திலேயே வருகிறது. பிளாஞ்சின் மடிப்பு குறுக்கிடும் சில இடங்களில் கால் நீட்டிய ஓர் எஃகுக் கட்டையைத்தான் தேடி எடுத்தோம். எட்டில் ஒரு பங்கு அங்குல ரிவெட்டுகளுக்கும் இதன் எடை சற்றுக் குறைவு. கீல் தாங்கிகளை வலுப்படுத்தும் தகடுகளில் முயன்றோம். முடிந்தது, ஆனால் கன் நேரம் நீண்டது. குளிர்காலத்தில் சூடேற்றாத கொட்டகையில் காலை வேளையில் இதைக் கையில் எடுப்பது பனிக்கட்டியைப் பிடிப்பது போன்றது, கையுறை போட்டால் தண்டை விரல் உணராது. மனைவி அதற்கு ஒரு வழி கண்டார்: வேலை தொடங்குமுன் கட்டையை அரை மணி நேரம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சட்டைப்பையின் தையல் பிரிந்தது இந்தக் கருவியின் செலவில் சேரும்.

வாங்கலாமா என்றால், யார் எதைக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இழுத்து இறுக்கும் ரிவெட்டுகளால் ஆன விமானம் கட்டுபவர்களுக்கு எந்தக் கட்டையும் தேவையில்லை. மிசோரியின் மெக்சிகோ என்ற ஊரில் இருக்கும் ஜெனித் நிறுவனம் தன் தொழிற்சாலையில் இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறது. வருபவர்கள் தாங்களே ஒரு சுக்கானைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், பக்கிங் பார் என்ற சொல்லுக்கே அங்கு வேலை குறைவு. அடித்துப் பதிக்கும் ரிவெட்டுகள் கொண்ட விமானத்தைத் தொடங்குபவர் கையில் பணம் அளவாக இருந்தால், முதலில் நல்ல ஸ்குவீசரை வாங்கட்டும். சுக்கானில் அது செய்யும் வேலை இதைவிடப் பல மடங்கு. சுக்கான் ஒன்றை மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு மேலே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நினைப்பவர், அருகில் கட்டுபவர் யாரிடமாவது வார இறுதிக்குக் கடன் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பரப்பு), இறக்கை, உடற்பகுதி என்று ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை எதிர்நோக்குபவர் தயங்காமல் வாங்கலாம். விமானத்தை முடித்தவர்கள் தங்கள் கருவிகளை அடுத்தவருக்கு விற்றுவிடுவது வழக்கம். முகத்தில் கீறலும் மூலையில் சில்லும் இல்லாத பழைய கட்டை கிடைத்தால், புதியதற்கும் அதற்கும் வேலையில் வேறுபாடு இருக்காது.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். இன்னும் பெரிய, ஒன்றரை கிலோ கட்டையும் விற்கிறார்கள், கையில் எடுத்துப் பார்க்கையில் அதுவே ஈர்க்கும். ஆனால் அது எஃகுக் கட்டை ஏற்கெனவே எட்டும் இடங்களுக்குத்தான் எட்டும். வாங்குமுன் உங்கள் சுக்கானின் கீழ் விலாவை எடுத்து, தடிப்பு 25 மில்லிமீட்டர் உள்ள ஒரு மரத்துண்டைப் பிளாஞ்சுகளுக்கு இடையே விட்டுப் பாருங்கள். அது எந்தத் துளை வரை போகிறதோ அந்தத் துளை வரைதான் இந்தக் கட்டையும் போகும்.